முழு நைட் வேலைக்கு அமினோ அமிலம் மருந்தாகுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். பிரசவ வலியில் துணையின்றித் தவித்த பெண்ணுக்குத் தாயின் உருவில் வந்து அவர் பேறுகாலம் பார்த்ததாகத் தலவரலாறு சொல்கிறது. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் தீராத வயிற்று நோய் இங்கே தீர்ந்ததாகவும் நம்பிக்கை உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால் இந்தச் சந்நிதியில் வந்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் சுற்றுவட்டாரத்தில் இன்றும் இருக்கிறது.

இப்போது நோயின் முகம் மாறியிருக்கிறது. காய்ச்சல், வயிற்றுவலி என்று சொல்லி மருத்துவரிடம் போகிறவர்கள், "தூக்கமே வரமாட்டேங்குது, மனசு ஒரு மாதிரி இருக்கு" என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. அதற்கான பதிலைக் கைப்பேசியில் தேடுகிறார்கள். தேடியவுடன் திரையில் வரிசை கட்டி வந்து நிற்பவை அமினோ அமிலப் புட்டிகள்: எல்-டிரிப்டோஃபான், 5-ஹெச்.டி.பி., கிளைசின், எல்-தியானின். "இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது, நிம்மதியான தூக்கமும் நல்ல மனநிலையும் தருவது" என்பது விளம்பரம். மருத்துவர் சீட்டு வேண்டாம். இரண்டே நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இந்தப் புட்டிகளுக்குள் இருக்கும் அறிவியல் பொய்யல்ல. அதன் எல்லை மிகவும் குறுகியது, அவ்வளவுதான். அந்த எல்லையைச் சொல்லாமல் விற்பது தவறு. இந்த வட்டாரத்தின் தூக்கமின்மைக்கு எது காரணமோ அதைத் தொடாமல், தொழிலாளியின் கையில் ஒரு புட்டியைக் கொடுத்து அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு.

இயந்திரம் தூங்குவதில்லை

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நூற்பாலை தொடங்கிய காலத்திலிருந்து பக்கத்துச் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள் வரை, நூலும் துணியும்தான் இங்கே பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. பொதுவாக நூற்பாலை என்றால் மூன்று ஷிஃப்ட். பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட் என்று முறை மாறிக்கொண்டே இருக்கும்.

முழு நைட்டில் ஸ்பின்னிங் பிரிவில் நிற்கும் ஒரு சைடரின் வேலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே வரிசையில் சுழல்கின்றன. எங்கே இழை அறுகிறதோ அங்கே போய் விரலால் பிடித்து ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு நிமிர்வதற்குள் நாலு கதிர் தள்ளி இன்னொன்று அறுந்திருக்கும். உட்கார இடமில்லை, உட்கார நேரமும் இல்லை. நூல் அறாமல் இருப்பதற்காகக் காற்றில் ஈரம் ஏற்றப்பட்டிருக்கும். தலைக்கு மேலே குழல்விளக்குகள் பகலைப்போல எரியும். விடிந்து வெளியே வரும்போது சஞ்சீவி மலைப் பக்கம் வெயில் ஏறியிருக்கும். வீட்டுக்குப் போனால் தெருவில் சத்தம், தகரக் கூரையில் சூடு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை. தூங்கப் போவது பத்து மணிக்கு. எழுவது ஒரு மணிக்கு. அடுத்த வாரம் முறை மாறும். உடம்பு பழைய முறைக்குப் பழகுவதற்குள் புதிய முறை வந்துவிடும்.

உடலுக்குள் ஒரு நாள் சுழற்சி இருக்கிறது. அது செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காக மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இருட்டியதும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 'இது இரவு, தூங்கு' என்பது அதன் செய்தி. கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைந்துவிடும். குழல்விளக்கின் கீழ் எட்டு மணிநேரம் நிற்பவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. பகல் வெளிச்சத்தில் படுக்கும்போதும் போய்ச் சேருவதில்லை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப்பணியை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் 2007-இல் சேர்த்தது; 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது.

வாசலில் நெரிசல்

புட்டிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த மெலட்டோனினைத்தான். டிரிப்டோஃபான் என்பது உடம்பால் தயாரிக்க முடியாத, சாப்பாட்டிலிருந்து மட்டுமே கிடைக்கும் ஓர் அமினோ அமிலம். இங்கிலாந்தின் பிரெடரிக் கௌலாண்ட் ஹாப்கின்ஸும் சிட்னி கோலும் 1901-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். மூளைக்குள் அது முதலில் 5-ஹெச்.டி.பி. ஆகவும், பிறகு மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினாகவும் மாறுகிறது. பீனியல் சுரப்பியில் அந்த செரட்டோனினே மெலட்டோனின் ஆகிறது. ஆக, டிரிப்டோஃபானைக் கூட்டினால் மனமும் தெளியும், தூக்கமும் வரும் என்று கணக்குப் போடுவது எளிது.

உடம்பின் கணக்கு வேறு. சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபானில் பெரும்பகுதி வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறது; செரட்டோனின் ஆவது ஒன்றிரண்டு விழுக்காடுதான். அதிலும் பெரும்பங்கு குடலில் உருவாகிறது, அது மூளைக்குள் நுழையாது. மிஞ்சிய டிரிப்டோஃபான் மூளைக்குள் போகவும் எளிதான வழி கிடையாது. காலை எட்டரை மணிக்கு ராஜபாளையம் டவுன் பஸ்ஸின் படியில் நெருக்கியடிக்கும் கூட்டம்போல, லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின் என்று பல அமினோ அமிலங்கள் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன. அவற்றில் டிரிப்டோஃபான்தான் எண்ணிக்கையில் சிறுபான்மை.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் குடிக்கும் பி.சி.ஏ.ஏ. பவுடர் என்பது லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய மூன்றின் கலவை. மாலையில் அதைக் குடித்துவிட்டு, இரவில் தூக்கத்துக்கு டிரிப்டோஃபான் மாத்திரை போடுகிறவர், ஒரே வாசலில் இரண்டு எதிரெதிர்க் கூட்டத்தை ஏற்றிவிடுகிறார்.

சேலத்துக்காரர் கண்ட சோளக் கணக்கு

அமினோ அமிலங்களின் விகிதம் தவறினால் தூக்கமும் மனமும் கெடும் என்பதற்கு இந்திய மருத்துவ வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. அதை எழுதியவர் தமிழர். சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன், குன்னூரில் தொடங்கி 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வகத்தின் விஞ்ஞானி. பின்னர் அதன் இயக்குநர். அந்த ஆய்வகம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

தக்காணத்தில் சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழை விவசாயக் கூலிகளிடம் பெலாக்ரா என்ற நோய் வந்துகொண்டிருந்தது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், தூக்கம் போகும், எரிச்சலும் மனச்சோர்வும் கூடும், முற்றினால் புத்தி பேதலிக்கும். நியாசின் என்ற பி வைட்டமின் பற்றாக்குறையே காரணம் என்பது அப்போதே தெரியும். உடம்பு அந்த நியாசினை டிரிப்டோஃபானிலிருந்தும் தயாரித்துக்கொள்ளும். சோளத்தில் இவை இரண்டும் மோசமாகக் குறையவில்லையே, பிறகு ஏன் நோய் வருகிறது? கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ஒரு விடையை முன்வைத்தார்கள். சோளத்தில் லூசின் மிக அதிகம். அந்த அதிகப்படி லூசின் நியாசின் கணக்கைக் குலைக்கிறது என்றார்கள். இந்தக் கருதுகோள் மீது பின்னாளில் ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. ஆனால் தீர்வைப் பற்றி விவாதமே எழவில்லை. சோளத்தோடு பருப்பும் பாலும் கலந்த சாப்பாடு கிடைத்த வீட்டில் பெலாக்ரா இல்லை.

ஒற்றை அமினோ அமிலத்தைத் தனியே பிரித்து விழுங்குவதற்கும், பலவும் கலந்த சோற்றைத் தின்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன?

ஓரளவு நிற்கின்றன. ஒரு கிராமும் அதற்கு மேலும் டிரிப்டோஃபான் எடுத்துக்கொண்டவர்களுக்கு நடு இரவில் விழித்துக் கிடக்கும் நேரம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. படுக்குமுன் மூன்று கிராம் கிளைசின் எடுத்தவர்கள் காலையில் தெளிவாக உணர்ந்ததாக ஜப்பானில் நடந்த ஆய்வுகள் கூறின. அவை சில பேரை மட்டும் வைத்து நடந்தவை. தேயிலையில் 1949-இல் கண்டறியப்பட்ட தியானின், பதற்றத்தைச் சற்றுத் தணிப்பதாகவும் சிறிய அளவிலான சோதனைகள் உண்டு.

இவற்றை எல்லாம் எடைபோட்ட அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம், நாள்பட்ட தூக்கமின்மைக்கு டிரிப்டோஃபானைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2017-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. மனச்சோர்வு விஷயத்தில் நிலைமை இன்னும் மெலிது. டிரிப்டோஃபான், 5-ஹெச்.டி.பி. இரண்டையும் பற்றிய 108 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2002-இல் அலசியது. தரத்தில் தேறியவை இரண்டே இரண்டு. அவற்றில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 64 பேர். இவ்வளவு சிறிய அடித்தளத்தின் மேல்தான் "மனநிலையை உயர்த்தும்" என்ற விளம்பரம் நிற்கிறது.

ஆனாலும் டிரிப்டோஃபானுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட சோதனையில், மருந்து சாப்பிட்டு மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தவர்களுக்கு டிரிப்டோஃபான் நீக்கிய அமினோ அமில பானம் கொடுக்கப்பட்டது. மூவரில் இருவருக்குச் சில மணிநேரத்தில் சோர்வு திரும்பியது; வழக்கமான சாப்பாட்டுக்கு வந்ததும் மீண்டது. ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுகிறவர்களிடம் இந்தப் பொருள் விளையாட்டல்ல என்பதற்கு இது சான்று.

1989 சொன்ன எச்சரிக்கை

'இயற்கையானது, அதனால் ஆபத்தில்லாதது' என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1989 அக்டோபரில் அங்கே சில பெண்கள் தாங்க முடியாத தசை வலியோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். நம் ஊரில் ஈஸ்னோபீலியா என்று சொல்கிறோமே, அந்த இயோசினோபில் அணுக்கள் ரத்தத்தில் பலமடங்கு ஏறியிருந்தன. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: எல்-டிரிப்டோஃபான் மாத்திரை. அல்புகர்க்கி ஜர்னல் நாளிதழின் செய்தியாளர் தமர் ஸ்டீபர் இந்தத் தொடர்பை வெளியே கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மாத்திரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. மொத்தத்தில் 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 37 பேர் இறந்தார்கள். பலருக்கு நரம்பு, தசைச் சேதம் நிரந்தரமாயிற்று. விசாரணை ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனத்தின் தயாரிப்பில் போய் நின்றது. நொதிக்க வைக்கும் பாக்டீரியா வகையை அந்த நிறுவனம் மாற்றியிருந்தது, வடிகட்டும் கரியின் அளவையும் குறைத்திருந்தது. பொருளில் நுண்ணிய அளவில் அசுத்தங்கள் இருந்தன. அவற்றில் எது நேரடிக் காரணம் என்பது இன்றுவரை முழுமையாக முடிவாகவில்லை. மிகச் சிறிய அளவு அசுத்தம், கண்ணுக்குத் தெரியாதது, இவ்வளவு உயிரைக் கொண்டுபோனது.

இந்தியாவில் இந்தப் புட்டிகள் மருந்துச் சட்டத்துக்குள் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அவை உணவு வகை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அட்டையில் எழுதியே ஆக வேண்டும். ஒரு புட்டியைத் திருப்பிப் பார்த்தால் அந்த வாசகம் ஆங்கிலத்தில், மற்ற எழுத்துகளோடு எழுத்தாகக் கிடக்கும். முன்பக்கத்தில் நிலா, நட்சத்திரம், தூங்கும் பெண் முகம். தூக்க மருந்து என்று எண்ணி வாங்குகிறவருக்கு, இது மருந்தல்ல என்ற செய்தி தமிழில் எங்கும் இல்லை. அட்டையில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்பதற்கும் உத்தரவாதம் குறைவு. இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் அட்டையில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. அதே ஆண்டு மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை வளர்க்கப் புரதப் பவுடர்கள் வேண்டாம் என்று நேரடியாகவே சொன்னது.

மிகப் பெரிய ஆபத்து இன்னொன்று. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் அதோடு டிரிப்டோஃபானோ 5-ஹெச்.டி.பி.யோ சேர்த்தால், செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறலாம். வலிக்குத் தரும் டிராமடாலும், சில இருமல் மருந்துகளும் இந்தப் பட்டியலில் உண்டு. நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம், கடும் காய்ச்சல் வரை போகும், உயிருக்கும் ஆபத்து. மனநல மாத்திரை சாப்பிடுவதை வீட்டில்கூட மறைக்கும் ஊரில், புட்டியை விற்கும் கடைக்காரர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. இணையக் கடை கேட்கவே கேட்காது.

தட்டில் இருப்பது போதும்

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் டிரிப்டோஃபான் தேவை என்பது உலகச் சுகாதார அமைப்பின் கணக்கு. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு 240 மில்லிகிராம். மூன்று வேளைச் சோறு, ஒரு கை பருப்பு, ஒரு முட்டை, இரண்டு டம்ளர் பால் சேர்ந்தாலே ஏறத்தாழ 500 மில்லிகிராம் வந்துவிடும். விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில் விளையும் நிலக்கடலையும் எள்ளும் டிரிப்டோஃபான் நிறைந்தவை. பற்றாக்குறையே இல்லாத ஒன்றை விலை கொடுத்து வாங்குவதற்குப் பெரும்பாலோருக்குக் காரணமில்லை.

பாலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பாலின் ஊர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து விறகு அடுப்பில் மணிக்கணக்காகக் கிண்டி எடுப்பது. படுக்கும்முன் ஒரு டம்ளர் சூடான பால் குடித்தால் தூக்கம் வரும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் பேச்சு. 200 மில்லி பாலில் இருப்பது 90 மில்லிகிராம் அளவு டிரிப்டோஃபான். ஆய்வுகளில் தந்த ஒரு கிராமை எட்ட இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். பாலின் புரதத்தில் மற்ற அமினோ அமிலங்களும் சேர்ந்தே வருவதால், மூளையின் வாசலில் டிரிப்டோஃபானுக்குத் தனி வழியும் கிடைக்காது. பாலைக் குடித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுக்கும் அன்றாட ஒழுங்கு தரும் நன்மை பெரியது. அது பிடித்திருந்தால் தொடரலாம்.

தூக்கம் வராததற்கு ரத்தத்திலும் காரணம் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் படுத்தவுடன் கால் குறுகுறுத்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றித் தூக்கம் கெடும். தைராய்டு, சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவையும் அப்படியே. அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். அதைச் செய்யாமல் ஓரிரு நாள் கூலியைப் புட்டிக்குக் கொடுப்பது வீண்.

ஆலையும் அரசும் செய்ய வேண்டியவை

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணிநேரத்தின் அருமை என்ன என்பது அந்தப் பத்து நாளில் எல்லோருக்கும் விளங்கியது. மணிநேரத்தைப் போலவே முறை மாற்றமும் முக்கியம். காலையிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி மாறும் ஷிஃப்ட் உடம்புக்கு எளிது; இரவிலிருந்து பின்னோக்கி இழுப்பது கடினம். டபுள் டூட்டி கூடாது. முறைப்பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். நைட் முடிந்தவருக்கு அடுத்த ஷிஃப்டுக்கு முன் போதிய ஓய்வு, விடுதிகளில் பகல் தூக்கத்துக்கு இருண்ட, அமைதியான அறை ஆகியவற்றைத் தொழிற்சாலைகள் ஆய்வுத்துறை சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆலைகளுக்கு இதனால் வரும் செலவு, தூக்கக் கலக்கத்தில் இயந்திரத்தில் சிக்கும் ஒரு விரலுக்கு முன் ஒன்றுமில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறை, தூக்கத்துக்கும் மனநிலைக்கும் என்று விற்கும் புட்டிகளில் தமிழ் எச்சரிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது அட்டையின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே அல்ல. படுக்கை நேரத்தையும் எண்ண ஓட்டத்தையும் சீர்செய்யும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. அதைச் சொல்லித்தரப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். விருதுநகரில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அதற்கான இடம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஆனாலும் மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு கண்டது. மருத்துவமனை இருந்தும் மக்கள் வரவில்லை என்றால், மருத்துவமனைதான் மக்களிடம் போக வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்தீர்களா என்ற இரண்டு கேள்விகள் உலகெங்கும் மனச்சோர்வை முதல்கட்டமாகக் கண்டுபிடிக்கப் பயன்படுகின்றன. நைட் ஷிஃப்ட் உண்டா, பகலில் எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள், தூக்கத்துக்கு ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறீர்களா என்று மேலும் மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் இதை முன்னோட்டமாக இந்த ஆண்டே தொடங்க, மாவட்டச் சுகாதார நிர்வாகத்துக்குப் புதிய கருவியோ புதிய பணியிடமோ தேவையில்லை.